தண்ணீர் வந்ததும் கூவும் பெட்டி

சனிக்கிழமை மாலை கிராண்ட் ரோடு ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கும் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு தனி ஜாதி மனிதர்கள் கண்ணில் படுவார்கள். டிபன் டப்பா வைத்த தோல்பையோடு ஆபீசிலிருந்து நேரே வந்தவர்கள். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம். மளிகைச் சீட்டைப் போல அதில் வரிசையாக ஏதோ எழுதியிருக்கும்: பி.சி. 547 இரண்டு, ஒரு கிலோ ஓம் பத்து, பஸ்ஸர் ஒன்று. சரியாக ஐந்து நிமிட நடையில் இவர்கள் லாமிங்டன் ரோட்டில் இருப்பார்கள். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று அந்தச் சாலைக்கு மாநகராட்சி வைத்த பெயர் பலகையில் இருக்கிறது. சாமான் வாங்க வருகிறவர் வாயில் பழைய பெயர்தான்.

தாராவியிலிருந்து போகிறவர்கள் மாதுங்கா ரோட்டிலோ மாஹிமிலோ ஸ்லோ வண்டி ஏறினால் மாறாமல் போய்விடலாம். சயான், செம்பூர், முலுண்ட் பக்கத்து அன்பர்கள் தாதருக்கு வந்து பாலம் ஏறி இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். ஆகவேதான் குமாஸ்தாக்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் சனிக்கிழமை மாலை.

இவர்கள் மெக்கானிக்குகள் அல்ல. ரேடியோ கடை வைத்திருப்பவர்களும் அல்ல. பகல் முழுதும் பிறர் எழுதிய கணக்கைப் பெயர்த்து எழுதுகிறவர்கள், ஒரே மிஷினில் ஒரே லீவரை இழுக்கிறவர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையாலேயே ஆன ஒரு பொருள் வேண்டும் என்ற ஆசை இவர்களை இங்கே இழுத்து வருகிறது. சீட்டாட்டத்தை விடச் செலவு குறைவு; சினிமாவை விட நேரம் அதிகம் பிடிக்கும்.

முன்பெல்லாம் இந்தப் பைத்தியத்துக்கு வேறு காரணம் இருந்தது. ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழருக்குத் தமிழ்க் குரல் கேட்க வேண்டும். பகலில் மீடியம் வேவ் அலைகளை வானத்தின் கீழ் மின் அடுக்கு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மறைந்துபோக, மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரும். சென்னையையும் திருச்சியையும் பிடிப்பதற்காக ஃபெரைட் ராடில் கம்பி சுற்றி, கேங் கண்டென்சரைத் திருகித் திருகி, மொட்டைமாடியில் ஏரியல் கட்டி இரவில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. 1969இல் டெல்லியிலிருந்து 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' என்ற ஆங்கிலப் பத்திரிகை வர ஆரம்பித்தது. அதில் வந்த சர்க்யூட் படங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே தொழில் பழகியவர்கள் பலர்.

இன்று தமிழ்ப் பாட்டு கேட்க ஏரியல் தேவையில்லை, கைபேசி போதும். மீடியம் வேவ் நிலையங்களும் பல இடங்களில் மூடப்பட்டுவிட்டன. அப்படியானால் புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் எதைச் செய்வது? நட்சத்திரம் போல மினுக்கும் விளக்குகளைச் செய்து நான்கு நாளில் மூலையில் போடுவதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு உதவுகிற ஒன்றைச் செய்தால்தான், “இந்தக் குப்பைக்கும் சேர்த்தா வாடகை கொடுக்கிறோம்?” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

மும்பையில் அப்படிப்பட்ட பொருள் தண்ணீர் அலாரம்தான். இங்கே குழாயில் தண்ணீர் வருவது குறித்த சில மணி நேரம் மட்டுமே. சில பேட்டைகளில் அது விடியற்காலையில். வீட்டுப் பெண்கள் தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்து, வந்ததா வந்ததா என்று குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கண்ணயர்ந்தால் அன்றைய தண்ணீர் போயிற்று. டிரம் நிரம்பி வழிந்தால் படுக்கை நனைந்தது. நூறு ரூபாய்க்குள் அடங்கும் சாமான்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது.

வேண்டியவை: ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 3 முதல் 24 வோல்ட் வரை எதிலும் ஓடும் பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், கொஞ்சம் கம்பி. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் பேட்டரியின் நெகடிவுக்கு. பஸ்ஸரின் சிவப்புக் கம்பி பாசிடிவுக்கு, கறுப்புக் கம்பி கலெக்டருக்கு. இனி தண்ணீருக்குள் போகிற இரண்டு கம்பிகள். ஒன்று பாசிடிவிலிருந்து நேராக. மற்றொன்று ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு. அவ்வளவுதான்.

இரண்டு கம்பி முனைகளும் காய்ந்திருக்கும்வரை பேஸுக்கு மின்சாரம் போக வழியில்லை, பஸ்ஸர் ஊமை. குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது துளி மின்சாரத்தைக் கடத்தும். அந்தத் துளியை டிரான்சிஸ்டர் நூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் கொடுக்க, பஸ்ஸர் தெருவே கேட்கும்படி கத்தும். சும்மா இருக்கும்போது பேட்டரி செலவாகாது என்பதால் மாதக்கணக்கில் வரும். படுக்கப் போகுமுன் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் காலி மக்கை வைத்து அதற்குள் முனைகளை விட்டால், தண்ணீர் வந்ததும் எழுப்பும். பிறகு அதே முனைகளை டிரம்மின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டால், நிரம்பியதும் கூப்பிடும். மழைக்காலத்து ஈரத்தில் பெட்டி தானாக முனகினால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 100 கிலோ ஓம் ஒன்றைப் போட்டால் அடங்கிவிடும். அதன் நிறம் பழுப்பு, கறுப்பு, மஞ்சள். முன்னே சொன்ன ஒரு கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, சிவப்பு.

செம்புக் கம்பியைத் தண்ணீரில் விட்டால் சில வாரங்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய எவர்சில்வர் ஸ்பூன் இரண்டு இருந்தால் யோகம். ஆனால் எவர்சில்வரில் ஈயம் லேசில் ஒட்டாது. காம்பில் துளையிட்டு, நட்டு போல்ட்டால் கம்பியை முறுக்க வேண்டும். அந்த முடிச்சு தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். பற்றவைத்த ஈயம் குடிதண்ணீரைத் தொடவே கூடாது.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாது என்று சிலர் எலிமினேட்டரைக் கொண்டுவந்து இணைக்கப் பார்ப்பார்கள். மலிவான எலிமினேட்டருக்குள் 230 வோல்ட்டையும் 9 வோல்ட்டையும் பிரித்து வைப்பது மெல்லிய இன்சுலேஷன் மட்டுமே. அது ஒருநாள் பழுதானால், வீட்டு மின்சாரம் முழுசாக அந்த இரண்டு ஸ்பூன்களுக்கும் வந்து சேரும். ஸ்பூன் இருப்பது தண்ணீரில். அந்தத் தண்ணீரில் ஈரக் கையை விடுவது அரைத்தூக்கத்தில் எழுந்து வந்த மனைவியோ மகளோ. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் ஒரு கண்டென்சரை மட்டும் வைத்து 230ஐக் குறைக்கும் சர்க்யூட் படங்களும் உலவுகின்றன. அவற்றில் பிரிப்பு என்பதே கிடையாது. தண்ணீர் சம்பந்தப்பட்ட எதற்கும் பேட்டரியைத் தவிர வேறெதுவும் கூடாது. மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

பற்றவைப்பு விஷயத்துக்கு வருவோம். 25 வாட் சால்டரிங் அயர்ன் தாராளம். புதிதாகச் செய்பவர்கள் அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்து, கோந்து தடவுவது போல மூட்டில் தடவுகிறார்கள். அது ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது; இதைத்தான் டிரை சால்டர் என்கிறார்கள். வேலை செய்யாத சர்க்யூட்டுகளில் பாதிக்கு மேல் இதனால்தான் என்று சொன்னாலும் தவறில்லை. முதலில் கம்பியையும் காலையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். பிறகு ஈயக் கம்பியை மூட்டில் வைத்தால் தானாக ஓடிப் பரவும். ஆறியபின் பளபளப்பாக இருந்தால் நல்ல மூட்டு. மங்கலாக உருண்டு நின்றால் மறுபடி சூடாக்குவதே மேல்.

பத்துக்குப் பத்து அறையில் இதற்கு ஏது இடம்? ஜன்னல் ஓரம் ஒரு பலகை. ஈயப்புகையில் வருவது பெரும்பாலும் ரோசின் என்றாலும் நெஞ்சைக் கரிக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சிறு குழந்தைகள் தூங்கிய பிறகு செய்வது உத்தமம். 60க்கு 40 என்று விற்கும் கம்பியில் நாற்பது பங்கு காரீயம் ஆகையால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

இந்த அலாரமே ஆயத்தமாக விற்கிறதே என்று கேட்கலாம். விற்கிறது. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ பலகையை வாங்கி, நாலு வரி எழுதி இதையே செய்கிற கல்லூரிப் பையன்களும் இருக்கிறார்கள். அவரவர் விருப்பம். ஆனால் டிரம்மைக் காக்க ஒரு டிரான்சிஸ்டர் போதுமான இடத்தில் கம்ப்யூட்டரை உட்கார வைப்பது, கொசுவுக்குப் பீரங்கி. அது மட்டுமல்ல, ஆறு மூட்டுள்ள பெட்டி நின்றுபோனால் எந்த மூட்டு என்று இரவிலேயே கண்டுபிடித்துவிடலாம். இந்தத் துறையில் கைவந்த பிறகு சிலருக்கு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்யும் ஆசை வரும். லைசன்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். அதில் நாட்டம் இருந்தால் மத்திய அரசின் ஆமெச்சூர் ரேடியோ தேர்வை எழுதிவிட்டு இறங்குவதே முறை.

அலாரம் செய்து முடித்தவர்கள் ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, படுக்கப் போகுமுன் இரண்டு முனைகளையும் ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். சத்தம் கம்மியாகக் கேட்டால் மறுநாளே புதுப் பேட்டரி மாற்றிவிடுங்கள்.