வெப்சைட் போட 18,000 ரூபாயா? வேர்ட்பிரஸை நீங்களே இன்ஸ்டால் பண்ணுங்க

சின்னத் தொழில் பண்றவங்களுக்கான வீடியோல வெப்சைட் செலவைப் பத்தி மேலோட்டமாத்தான் சொன்னேன். அதை இங்க விவரமாப் பார்க்கலாம்.

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில வத்தல், வடாம், புளிக்காய்ச்சல் விக்கிற மாமி ஒருத்தரை எனக்குத் தெரியும். திருச்சியில ஒருத்தர்கிட்ட 18,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டார். ஒரு வருஷம் ஓடுச்சு, அப்புறம் திறக்கல. டொமைன், ஹோஸ்டிங் ரெண்டுமே போட்டுக் கொடுத்தவர் பேர்ல, அவரோட ஈமெயில்ல இருந்துச்சு. அவர் போனே எடுக்கல. "ஏண்டாப்பா, கவர்லயெல்லாம் இந்த அட்ரஸைத்தானே அடிச்சு வெச்சிருக்கேன்?"னு மாமி கேட்டார். அடிச்சது 2,000 கவர்.

வேர்ட்பிரஸ் 2003 மே மாசம் வந்ததுல இருந்தே இலவசம். யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். உங்க செலவு டொமைனும் ஹோஸ்டிங்கும்தான், கூட 18% ஜிஎஸ்டி. முதல் வருஷ ஆஃபர் விலையை விடுங்க, ரினீவல் விலை என்னன்னு பாருங்க. ரெண்டையும் உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல, உங்க கார்டுல வாங்குங்க. டிசைனுக்குக் கூலி கொடுக்கறது நியாயம்தான். ஆனா சாவி உங்க கையில இருக்கணும்.

ஒரே க்ளிக்ல இன்ஸ்டால் பண்ற வசதி நிறைய ஹோஸ்டிங்ல இருக்கு. இருந்தாலும் ஒரு தடவை கையால பண்ணிப் பாருங்கன்னு சொல்வேன். உங்க சரக்கு எங்க இருக்குன்னு அப்பத்தான் தெரியும். ஜங்ஷன்ல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் இறங்கற நேரம்கூட ஆகாது.

வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் போய் ஜிப் ஃபைலை இறக்குங்க. டாட் காம் இல்ல, அது வேற சேவை. அடுத்து ஹோஸ்டிங்கோட சிபேனல்ல டேட்டாபேஸ் பகுதிக்குப் போய் ஒரு டேட்டாபேஸ், ஒரு யூசர், நல்ல பாஸ்வேர்டு உருவாக்குங்க. அந்த யூசரை டேட்டாபேஸோட சேர்த்து எல்லா உரிமையும் கொடுக்கணும். இதை மறந்துட்டுத்தான் பல பேர் மாட்டிக்கறாங்க. இன்னொண்ணு, நீங்க ‘கடை’ன்னு பேர் வெச்சா, சிபேனல் முன்னாடி உங்க அக்கவுண்ட் பேரைச் சேர்த்துடும். அந்த முழுப் பேரைத்தான் எழுதி வெச்சுக்கணும்.

இப்ப ஃபைல் மேனேஜர்ல ‘பப்ளிக் ஹெச்டிஎம்எல்’ ஃபோல்டருக்குள்ள ஜிப்பை ஏத்தி, எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க. உள்ளே ‘வேர்ட்பிரஸ்’னு ஒரு ஃபோல்டர் வரும். அதுக்குள்ள இருக்கற எல்லாத்தையும் வெளியே நகர்த்திடுங்க. இல்லன்னா உங்க சைட் அட்ரஸோட வாலா ‘வேர்ட்பிரஸ்’னு ஒட்டிக்கிட்டு நிக்கும்.

பிரவுசர்ல உங்க டொமைனைத் திறந்தா மொழி கேட்கும், பட்டியல்ல தமிழும் இருக்கு. எழுதி வெச்ச மூணையும் போடுங்க. ஹோஸ்ட்ங்கற இடத்துல பெரும்பாலும் ‘லோக்கல்ஹோஸ்ட்’தான். "டேட்டாபேஸோட இணைக்க முடியல"ன்னு வந்தா பயப்படாதீங்க. முழுப் பேர், பாஸ்வேர்டு, உரிமை, இந்த மூணுல ஒண்ணு தப்பா இருக்கும். அப்புறம் சைட் பேர், லாகின். யூசர் பேர் ‘அட்மின்’னு வைக்காதீங்க, திருடன் முதல்ல அதைத்தான் தட்டிப் பார்ப்பான்.

எஸ்எஸ்எல்லுக்குத் தனியா காசு கேட்டா, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம்னு சொல்லுங்க. மாசம் ஒரு தடவை பிஹெச்பிமைஅட்மின்ல டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் பண்ணி, ‘டபிள்யூபி-கன்டென்ட்’ ஃபோல்டரையும் உங்க கம்ப்யூட்டர்ல இறக்கி வையுங்க. நாளைக்கு ஹோஸ்டிங் விலை ஏறினா, இந்த ரெண்டையும் தூக்கிட்டு வேற இடம் போயிடலாம்.

மாமி புது டொமைனைத் தன் பேர்லயே வாங்கிட்டார். பழைய கவர்ல ஸ்டிக்கர் ஒட்டற வேலைதான் இன்னும் முடியல.