வண்டி கொதிக்குதா? மூடியில கை வைக்காதீங்க!



மாம்பழ சீசன் வந்தால் நம் இராஜபாளையத்திலிருந்து கேரளாவுக்கு லோடு போகத் தொடங்கிவிடும். தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் ஏறும்போதுதான் வண்டியின் உண்மையான நிலைமை தெரியும். குழுக் கடனில் வாங்கிய எங்கள் சின்ன லாரி ஒருமுறை அங்கேதான் நின்றது. ஆவி வருவதைப் பார்த்த டிரைவர் தம்பி பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் பீய்ச்சி அடித்துக் கை வெந்துவிட்டது. பழமும் பாதி வீண். ஆனால் கடன் தவணை நமக்காகக் காத்திருக்குமா?

காரணம் என்ன தெரியுமா? ஒரு பழைய ரப்பர் ஹோஸில் கசிவு. பல நாளாகச் சொட்டியதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ரேடியேட்டர் மூடி நம்ம குக்கர் மூடி மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் மொத்தமும் பொங்கிவிடும். விசில் வரும் குக்கரை நாம் திறப்போமா?

வழியில் சூடு முள் மேலே ஏறினால்:

• வண்டியை ஓரங்கட்டுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

• குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு தடித்த சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகத் திருகுங்கள்.

• சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊத்தாதீங்க. எஞ்சின் ஹெட் விரிசல் விடும்.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? செலவு குறைந்ததிலிருந்து பாருங்கள்.

1. தண்ணீர் குறைகிறதா? ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்கு மேலே ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.

2. தண்ணீர் குறையாமலே சூடாகிறதா? எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் இடுக்கில் பஞ்சும் தூசியும் அடைத்தால் காற்றுப் போகாது. மில் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது முக்கியம். எஞ்சின் ஆறியபின் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

3. அதுவும் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லி, சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். நல்லதாக இருந்தால் வாய் திறக்கும். திறக்காவிட்டால் புதிது போட வேண்டும். அது இல்லாமலே ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள்.

4. வெளியே கசிவே இல்லை, ஆனாலும் தண்ணீர் காணாமல் போகிறதா? எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால், நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிவது போல உள்ளே உப்பு படியும். கம்பெனி சொன்ன கூலண்டையே ஊற்றுங்கள். அது விஷம், இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும் ஆபத்து உண்டு. பூட்டி வையுங்கள்.

தினமும் வண்டி எடுக்குமுன், எஞ்சின் ஆறியிருக்கும்போது, தண்ணீர், ஆயில், பெல்ட் மூன்றையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். கூலண்டுக்குச் சில நூறு ரூபாய். ஹெட் வேலைக்குப் பல ஆயிரம். டிரைவர் பார்த்துக்குவார் என்று நாங்கள் இருந்தோம். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள், டிரைவர் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து!