மலைமுகடு மறையும் ஊர்

கண்டியில் தலதா மாளிகைப் பக்கம், குளத்து மேகச் சுவரோரம் விடியற்காலையில் நின்று தெற்கே பாருங்கள். சுவரின் முக்கோணத் துவாரங்களில் பனித்துளி கோத்திருக்கும். எதிர்க்கரையில் மல்வத்தை விகாரையின் ஓட்டுக்கூரை. அதற்குப் பின்னால் ஹந்தானை, பாதி மலையும் பாதி மேகமுமாக. ஓவியர் ஜோர்ஜ் கீற் பார்த்து வளர்ந்த காட்சி இது.

1901-இல் கண்டியில் பிறந்த கீற், ஓவியத்தை எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. இருபத்தாறு வயதளவில்தான் தூரிகையை எடுத்தார். மல்வத்தைப் பிக்குகளோடு பழகினார். அவர்களையும் கண்டியின் நிலக்காட்சிகளையும் தீட்டினார். பிறகு நகரத்தை விட்டுச் சிறிமல்வத்தைக் கிராமத்தில் குடியேறினார். அவர் இருந்த ’43 ஓவியர் குழுவும் அவர் தீட்டிய கோதமி விகாரைச் சுவரோவியங்களும் தெரிந்த கதை. அவர் கோடுகளில் பிக்காசோவின் செல்வாக்கு என்பார்கள். இருக்கலாம். எனக்கோ அந்தக் கோடுகளில் இந்த முகடுகளின் வளைவுதான் தெரிகிறது.

கண்டி தன் நிறத்தை நடப்பவருக்குத்தான் காட்டும். உடவத்தகலைக் காட்டுக்குள் உச்சி வெயிலிலும் பச்சை கறுத்தே கிடக்கும். ஹந்தானையில் ஏறினால், கொழுந்து எடுத்த மலை கரும்பச்சை, எடுக்காத மலை இளம்பச்சை. லயத்துத் தகரத்தில் வெயில் விழுந்தால் கண் கூசும். போன மாதம் வாட்டர்கலர் பெட்டியோடு ஏறினேன். மூட்டத்தில் தாள் காயவே இல்லை. ஒரு மரத்தின் நீலம் மெல்லக் கசிந்து வானத்துக்குள் போய்விட்டது. வீட்டுக்குள் இருந்திருந்தால் அந்த நீலம் எனக்குத் தோன்றியே இராது.

முந்நூறு கிலோமீட்டர் தாண்டி நுவரெலியா வரை போகும் பீக்கோ நடைபாதை இந்த ஹந்தானையில்தான் தொடங்குகிறது. நம் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு தலைமுறை தலைமுறையாக மிதித்த தோட்டப் பாதைகள் அதில் எத்தனையோ. ஆனால் என் வயிற்றைக் கலக்குவது வேறு. 2010-இல் ஹந்தானையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தார்கள். அப்படியும் நான் ஏறும் சரிவில் கம்பி நீட்டிய கொங்கிறீற் தூண்கள் முளைக்கின்றன. ஒரு குறுக்குப் பாதைக்கு முள்ளுக்கம்பி அடித்தாயிற்று. உல்லாசப் பயணிகள் வந்தால் நாலு பேருக்குப் பிழைப்பு என்கிறார்கள், பொய்யில்லை. முகடே மறைந்துபோனால் அவர்கள் எதைப் பார்க்க ஏறுவார்கள்? அறுத்த சரிவு மழைக்காலத்தில் எங்கே இறங்கும் என்பது கீழே லயத்தில் படுப்பவர்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு மேகச் சுவரோரம் மறுபடியும் வரைய உட்கார்ந்தேன். முகட்டுக் கோடு ஓரிடத்தில் அறுந்து, அங்கே ஒரு மாடிக் கட்டடம் நின்றது. அதை விட்டுவிட்டு வரைய முதலில் கை போனது. பிறகு கம்பிகள் உட்பட வரைந்தேன்.