கமரா இருந்தும் காட்சி இல்லாமல் போவது ஏன்?

ஒருவர் காணாமல் போய்விட்டார் என்ற செய்தி ஊரில் பரவியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "கமராவைப் பார்த்தீர்களா?" என்பதுதான். கடைத்தெரு, பள்ளிவாசல், வங்கி, எரிபொருள் நிலையம், வீட்டு வாசல் என்று எங்கும் இன்று சிசிடிவி கமராக்கள் இருக்கின்றன. ஆகவே போனவர் ஏதாவது ஒன்றில் நிச்சயம் பதிவாகியிருப்பார் என்று நம்புகிறோம். இரண்டு மூன்று நாட்களில் அடுத்த செய்தி வருகிறது: "அந்த நேரத்துக் காட்சி மட்டும் இல்லையாம்." உடனே வட்ஸ்அப் குழுக்களில் சந்தேகம் தொடங்கிவிடும். யாரோ அழித்துவிட்டார்கள், யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை.

வேண்டுமென்றே அழிப்பது ஒருபோதும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்சி இல்லாமல் போவதற்குச் சாதாரணமான காரணங்களே அதிகம். அவற்றை அறிந்திருந்தால் குடும்பத்தினர் முதல் நாளிலேயே செய்யவேண்டியதைச் செய்யலாம். அநியாயமாக ஒருவர் மீது பழி விழுவதையும் தடுக்கலாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழையது அழிந்தே புதியது பதியும்

நமது கடைகளில் உள்ள டிவிஆர் பெட்டிக்குள் ஒரு வன்தட்டு இருக்கிறது. அது நிரம்பியதும், மிகப் பழைய பதிவின் மீதே புதிய பதிவு எழுதப்படும். இது பழுதல்ல, பெட்டியே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இதை வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு கணக்காகக் கொடுப்பதுண்டு. ஒரு கமரா வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட் என்பதால் அது வினாடிக்கு கால் மெகாபைட். ஒரு நாளில் 86,400 வினாடிகள். எனவே ஒரு கமராவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 21.6 ஜிகாபைட் வேண்டும். நான்கு கமராக்களுக்கு 86 ஜிகாபைட்டுக்கு மேல். 1 டெராபைட் வன்தட்டு சுமார் பதினொரு நாட்களில் நிரம்பிவிடும். கமரா எட்டானால் ஆறு நாட்கள்கூடத் தாங்காது. செலவைக் குறைக்க 500 ஜிகாபைட் தட்டுப் போட்டிருந்தால் எட்டுக் கமராக்களுக்கு மூன்று நாட்களும் இல்லை.

"ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்போம், பிள்ளை வந்துவிடும்" என்று குடும்பம் காத்திருக்கும்போது, கடைத்தெருவிலுள்ள பெட்டிகள் ஒவ்வொன்றாக அந்த நாளை அழித்துக்கொண்டிருக்கும்.

லண்டனில் நடந்தது

இதற்கு உலகறிந்த உதாரணம் இங்கிலாந்தின் டொன்காஸ்டர் நகரைச் சேர்ந்த 14 வயது மாணவன் அன்ட்ரூ கொஸ்டன். 2007 செப்டெம்பர் 14 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பாடசாலைக்குப் போவதுபோல் வீட்டிலிருந்து புறப்பட்ட அவன், வங்கியிலிருந்த தன் பணத்தில் 200 பவுண் எடுத்து, லண்டனுக்கு ஒருவழிப் பயணச்சீட்டு வாங்கி ரயிலேறினான். காலை 11.25 அளவில் லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து வெளியேறும் காட்சி கமராவில் பதிவானது. அதன் பிறகு அவனைக் காட்டும் உறுதியான காட்சி எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஒரு காட்சியைக்கூட விசாரணையாளர்கள் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட நான்கு கிழமைகள் ஆயின. நிலையத்தின் வாசலைத் தாண்டி அவன் எந்தப் பக்கம் நடந்தான், எந்த பஸ்ஸில் ஏறினான் என்று தேடத் தொடங்கியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. உலகிலேயே கமரா நிறைந்த நகரங்களில் ஒன்றில் நடந்தது இது. கமராக்கள் இருந்தன, கேட்கப் போனவர்கள்தான் தாமதமாகப் போனார்கள்.

ஆசிரியர்கள் இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அன்று அவன் வரவில்லை என்று பாடசாலை பெற்றோருக்கு அறிவிக்க முயன்றது. ஆனால் அழைப்பு பிழையான இலக்கத்துக்குப் போனது. அன்று மாலைதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது.

பதிவுக்குள்ளேயே இடைவெளி

வன்தட்டு அழியாமல் இருந்தாலும் நடுவில் இடைவெளிகள் இருக்கலாம்.

முதலாவது, அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் முறை. இடத்தை மிச்சப்படுத்த இதைத்தான் பலர் தெரிவு செய்கிறார்கள். படத்தில் போதியளவு மாற்றம் ஏற்பட்டால் மட்டுமே பதிவு தொடங்கும். இரவில், தூரத்தில், சுவரோரமாக ஒருவர் நடந்து போனால் அந்த மாற்றம் போதாமல் போகலாம். பார்ப்பவருக்கு 9.12 இலிருந்து 9.20 க்குக் காட்சி பாய்வது போலத் தெரியும். வெட்டப்பட்டது என்று சொல்வார்கள். உண்மையில் அது பதியப்படவே இல்லை.

இரண்டாவது, மின்சாரம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருளானது நமக்கு மறக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பெட்டிக்கு மாற்று மின்சாரம் இல்லாவிட்டால் அந்த நேரம் முழுவதும் வெறுமைதான்.

மூன்றாவது, கடிகாரம். என் அனுபவத்தில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாதது இதுதான். டிவிஆருக்குள் உள்ள சிறு பற்றரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் திகதி பழைய ஆண்டொன்றுக்குப் போய்விடும். சில பெட்டிகள் சீன நேரத்திலேயே விற்பனைக்கு வருகின்றன. நமக்கும் அதற்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். மாலை 6 மணிக்குப் போனவரைத் திரையில் 6 மணியில் தேடினால், உண்மையில் பிற்பகல் 3.30 ஐத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். "இங்கே அவர் வரவில்லை" என்று முடிவு செய்துவிட்டுப் போவோம். காட்சியோ அதே பெட்டியில் 8.30 க்குக் கீழே இருக்கும்.

உள்ளே போனார், வெளியே வரவில்லை

2016 செப்டெம்பர் 24 அதிகாலை, இங்கிலாந்தின் பரி சென்ட் எட்மண்ட்ஸ் நகரில் கொரி மெக்கீக் என்ற 23 வயது விமானப்படை வீரர், கடைகளின் பின்புறம் குப்பைத் தொட்டிகள் வைக்கும் வளாகத்துக்குள் 3.25 அளவில் நுழைவது கமராவில் பதிவானது. வெளியே வரும் காட்சி எங்குமில்லை. கமராவில் படாமல் வேறு வழியாகப் போனாரா, கடத்தப்பட்டாரா என்று பல கதைகள் எழுந்தன.

அங்கே கமராக்களில் படாமல் நடந்து வெளியேற வழியில்லை என்பது பொலிஸாரின் நிலைப்பாடு. அவரது கைத்தொலைபேசியின் நகர்வு, அன்று அதிகாலை அங்கு வந்த குப்பை லொறியின் பாதையோடு ஒத்துப்போனது. ஆனால் அந்த லொறி ஏற்றிய தொட்டியின் எடை வெறும் 11 கிலோ என்றே முதலில் சொல்லப்பட்டதால் அந்தக் கோணம் பின்தள்ளப்பட்டது. உண்மையில் எடை 100 கிலோவுக்கு மேல் என்பது 2017 இல்தான் தெரியவந்தது. குப்பை மேட்டைப் பல மாதங்கள் தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. அவர் தொட்டிக்குள் ஏறியிருந்ததாகவும், அது லொறியில் கொட்டப்பட்டபோது இறந்ததாகவும் 2022 மார்ச்சில் மரண விசாரணை முடிவு செய்தது.

இல்லாத காட்சியும் ஒரு தகவல்தான். ஆனால் எல்லா வாசல்களையும் கமரா மூடியிருந்தால், கடிகாரங்கள் சரியாக இருந்தால் மட்டுமே அதிலிருந்து முடிவுக்கு வரலாம். அப்போதும் தொலைபேசி, வாகனம், சாட்சிகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

ஆள் தெரியும், முகம் தெரியாது

காணாமல் போன சம்பவம் அல்லவென்றாலும், நம் சமூகம் மறக்க முடியாத வஸீம் தாஜுதீனின் வழக்கு இங்கு பொருந்தும். 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் றக்பி வீரர் வஸீம் மரணமானபோது அது வாகன விபத்து என்றே சொல்லப்பட்டது. 2015 ஓகஸ்டில் தெஹிவளை மையவாடியிலிருந்து ஜனாஸா தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. அன்றிரவின் சிசிடிவி காட்சிகளில் தென்படுவோரை அடையாளங்காணும் முயற்சியில் அவை கனடா வரை அனுப்பப்பட்டன.

திரைப்படங்களில் ஒரு பொத்தானை அழுத்தியதும் மங்கலான முகம் தெளிவாகிவிடும். நிஜத்தில், பதியும் நேரத்தில் கமரா பிடிக்காத விபரத்தைப் பின்னர் எந்த ஆய்வுகூடத்தாலும் உருவாக்க முடியாது. அகலக் கோணக் கமரா முழு வீதியையும் காட்டும். ஆனால் தூரத்தில் நிற்பவரின் முகம் சில புள்ளிகளாகவே இருக்கும். இரவில் வாகன விளக்கின் வெளிச்சம் இலக்கத்தகட்டை மறைத்துவிடும்.

குடும்பம் செய்ய வேண்டியது

முறைப்பாடு செய்ய 24 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று இலங்கையில் சட்டம் இல்லை. உடனே பொலிஸ் நிலையம் செல்லுங்கள், அல்லது 119 க்கு அழையுங்கள். சிறுவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் உண்டு.

அதே நாளில், அவர் போயிருக்கக்கூடிய பாதைகளிலுள்ள கமராக்களைப் பட்டியலிட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். உரிமையாளர்களிடம், "இப்போது பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அழியாமல் வையுங்கள்" என்று கேளுங்கள். பஸ்களிலும் வாகனங்களின் முன்கண்ணாடியிலும் உள்ள கமராக்களை மறக்க வேண்டாம். அவற்றின் சிறு அட்டைகள் இன்னும் விரைவாக அழியும்.

திரையில் தெரியும் நேரத்தையும் கைத்தொலைபேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்பது பின்னர் மிக முக்கியமாகும். திரையைத் தொலைபேசியால் படம்பிடித்துவிட்டு அதுவே போதும் என்று விட்டுவிட வேண்டாம். மூலக் கோப்பையே பென்டிரைவில் எடுக்க வேண்டும்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் இத்தகைய பதிவை நீதிமன்றில் முன்வைப்பதானால், கருவி சரியாக இயங்கியதா, பதிவு மாற்றப்படாமல் இருந்ததா, பாதுகாப்பாக வைக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பலர் கைமாறிய வட்ஸ்அப் துண்டுக்கு அந்தப் பதில் இருக்காது.

பரப்புவதற்கு முன்

2013 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டலொன்றில் காணாமல் போன கனேடிய மாணவி எலிசா லாமின் மின்தூக்கிக் காட்சியைப் பொலிஸார் வெளியிட்டபோது, அதில் வெட்டு இருக்கிறது, நேரம் மறைக்கப்பட்டிருக்கிறது என்று உலகம் முழுவதும் பேசினார்கள். சம்பந்தமே இல்லாத ஓர் இசைக்கலைஞரைக் கொலையாளி என்று தூற்றினார்கள். மரண விசாரணையில் அது தற்செயலாக நீரில் மூழ்கிய மரணம் என்றே தீர்மானிக்கப்பட்டது. வரும் செய்தியை விசாரித்துத் தெளிவு பெறாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குத் தரும் கட்டளை. கமரா இடைவெளிக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமைக்குள் உங்கள் பெட்டியைத் திறந்து மூன்று விடயங்களைப் பாருங்கள்: கடிகாரம் சரியா, எத்தனை நாள் பழைய காட்சி இருக்கிறது, பதிவை எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர் யார். அதிபர்களும் வகுப்பாசிரியர்களும் இடாப்பில் உள்ள பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களை ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். ஒரு பிள்ளை வராத நாளில், எல்லாத் தேடலும் அந்த அழைப்பிலிருந்துதான் தொடங்கும்.