தரங்கம்பாடிப் பழைய வீடுகளில் முற்றப் பராமரிப்பு

தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்த பழைய துறைமுக ஊராகும். 1620 ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட டேனியர் இங்கே கோட்டை கட்டினர். 1845 இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். கோட்டையைப் பார்க்க வருவோர் அங்குள்ள தமிழர் வீடுகளை அதிகம் கவனிப்பதில்லை. திண்ணை, ரேழி, நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்களுடன் தாழ்வாரம் என்பது அவ்வீடுகளின் பொது அமைப்பு.

இவ்வகை முற்றத்துக்கு மழையைவிடப் பெரிய பகை உப்பு. கடலோர மண்ணின் ஈரத்தில் உப்பு கரைந்திருக்கிறது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிறது. படிகம் வளர வளரப் பூச்சு பொரிந்து உதிரும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட பழைய தரை ஈரத்தை வெளியே விட்டுவிடும். முற்றம் வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் தருவதோடு, அடிமண்ணின் ஈரம் வெளியேறும் வழியாகவும் இருக்கிறது.

இதை அறியாமல் பலர் முற்றத்தைச் சிமெண்டால் மூடி டைல்ஸ் பதிக்கின்றனர். முதல் ஓராண்டு பளிச்சென்றிருக்கும். வெளியேற வழியில்லாத ஈரமோ சுற்றுச்சுவர்களில் ஏறும். சுவரின் அடிப்பகுதி பொரியத் தொடங்கும். அங்கும் சிமெண்ட் பூசினால் ஈரம் இன்னும் உயரத்துக்குப் போகும். பணம் செலவழித்து வீட்டைக் கெடுப்பது என்பது இதுதான். சிமெண்டைப் பெயர்த்தவுடன் சுவரைப் பூசிவிடக் கூடாது. ஒரு கோடை முழுவதுமாவது காயவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். அதற்கு ஆற்று மணலே ஏற்றது; கடல் மணல் உப்பை நாமே கொண்டுவந்து சேர்ப்பதாகும். கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுவதால், பூசிய பின் சில நாட்கள் ஈரம் காக்க வேண்டும்.

வெள்ளையாகப் பூத்த உப்பை நீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுவதே சரி. பாசியை நீக்க ஆசிட் ஊற்றக் கூடாது. அது சுண்ணாம்பையே கரைக்கும். தேங்காய் நாரும் தண்ணீரும் போதும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே நீர் வெளியேறும் தூம்பைத் தூர்வார வேண்டும். ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு இருந்தால் நீர் தானாக ஓடும். இடுக்குகளில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வெட்டினால் மீண்டும் தழைக்கும்.