கல்லடைப்பும் கரும்பு வயலும்

நெல்லிக்குப்பம் என்றவுடன் நினைவுக்கு வருபவை கரும்பும் சர்க்கரை ஆலையுமே. நாள் முழுதும் வெயிலில் கரும்பு வெட்டுவோரின் உடல்நீர் வியர்வையாகவே கழிந்துவிடுகிறது. அதனை ஈடுசெய்யாவிடில் விளையும் துன்பங்களுள் ஒன்று கல்லடைப்பு. இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

சிறுநீரகங்கள் இரத்தத்திலுள்ள கழிவுகளை நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைகிறது. பாகு முற்றியதும் சர்க்கரை மணி பிடிப்பதுபோல், அதிலுள்ள உப்புகள் திரண்டு கல்லாகின்றன. கல் குழாயில் இறங்கி அடைக்கும்போது விலாவிலிருந்து அடிவயிறு வரை பொறுக்கவொண்ணா வலி எழும். குமட்டலும், சிறுநீரில் இரத்தமும் காணலாம்.

5 மில்லிமீட்டருக்குட்பட்ட கற்களுள் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். பெரியவற்றை அதிர்வலைகளால் உடைத்தோ, சிறுநீர்ப் பாதை வழியே கருவி செலுத்தியோ அகற்றுகின்றனர். வலி அடங்கியதும் நோய் தீர்ந்ததென்று இருந்துவிடலாகாது. அடைப்பு நீடித்தால் வலியின்றியே சிறுநீரகம் பழுதாகலாம். நடுக்கத்துடன் காய்ச்சல், ஓயாத வாந்தி, சிறுநீர் நின்றுபோதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே கடலூர் அரசு தலைமை மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வாழைத்தண்டு கல்லைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. உணவாக உண்ணலாம்; அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. பாலை விலக்க வேண்டும் என்பதும் தவறு. பெரும்பாலான கற்கள் கால்சியமும் ஆக்ஸலேட்டும் சேர்ந்தவையே. எனினும், உணவிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து நிறுத்துகிறது. குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாயும் கருவாடும் அளவோடிருக்கட்டும். எலுமிச்சம்பழச் சாறு நன்மை தரும்.

ஒருமுறை கல் கண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வரக்கூடும். ஆகவே, நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு அவர்கள் நீர் அருந்த வேண்டும். வெயிலில் உழைப்போருக்கு இதற்கு 4 லிட்டர்கூடப் போதாமற் போகலாம். சிறுநீர் வெளிறிய நிறமாயிருப்பதே நல்ல அடையாளம். இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை நிர்ணயிக்க வேண்டும்.

இங்கே பஞ்சாயத்தின் கடமையும் உண்டு. ஒதுங்க இடமில்லாத காரணத்தால் பெண் தொழிலாளர் பலர் தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். அவர்களுக்கு அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேலை நடக்குமிடத்தில் ஒரு பானைத் தண்ணீரும், சிறிது நிழலும், மறைவான கழிப்பிடமும் அமைத்தல் பெருஞ்செலவன்று. பயிருக்கு முறை தவறாமல் நீர் பாய்ச்சும் நாம், அப்பயிரை வெட்டுவோரின் தாகத்தை மறக்கலாமா?