வண்டியில் ஊதல் மாட்டினால் விலங்கு விலகுமா?

விடியுமுன்னே பைக்கில் பூ மூட்டையோடு சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு வருகிற நம்ம விவசாயிகள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. வண்டியின் முன்னால் ஒட்டும் சின்ன ஊதல். ஓடும்போது காற்று புகுந்து, விலங்குக்கு மட்டும் கேட்கும் ஒலி வரும், மானும் பன்றியும் ஒதுங்கிடும் என்று சொல்லி விற்கிறார்கள்.

நான் படித்தவரை அதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் வண்டியில் ஒலிக்கருவி பொருத்தி மான்களிடம் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். நம் காதுக்குக் கேட்கும் ஒலி, கேட்காத ஒலி எதுவுமே மோதலைத் தடுக்கும்படி மான்களை ஒதுக்கவில்லை. புதுச் சத்தம் கேட்டாலும் அது ஆபத்து என்று விலங்குக்கு எப்படித் தெரியும்?

காப்பாற்றுவது வேகக் குறைப்புதான். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். 40-ல் 11 மீட்டர்தான். கர்நாடகாவின் பண்டிப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் பெரும்பாலான வண்டிகளையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய ரோட்டில் மெதுவா போங்க. ஒரு பன்றி கடந்ததும் கிளம்பிடாதீங்க, பின்னால கூட்டம் வரும். ஊதலுக்குக் கொடுக்கிற காசில் ஹெட்லைட்டையும் பிரேக்கையும் சரி பண்ணுங்க.